நோய் நிர்ணயமும் நமது கால்நடைச் செல்வமும்

மாடு மெலிந்தால் சூடு என்கிறோம். கழிந்தால் தீனிக் கோளாறு என்கிறோம். மடிந்தால் விதி என்கிறோம். இம்மூன்றில் எதுவும் நோயின் பெயரன்று. இன்னானென்று தெரியாத சத்துருவோடு போர் செய்து ஜெயித்தவர் யாருமில்லை. நமது கிராமங்களில் மருந்து அகப்படாமற் போவதைக் காட்டிலும், இன்ன மாட்டுக்கு இன்ன நோயென்று பரிசோதித்து நிச்சயிக்கும் ஏற்பாடு குடியானவனுக்கு எட்டாமற் போவதே பெரிய தீங்கு என்பது நமது அபிப்பிராயம். விசாரணையின்றித் தீர்ப்புச் சொல்லும் நியாயஸ்தலத்தை நாம் சகிப்பதில்லை. பரிசோதனையின்றி மருந்து புகட்டும் வழக்கத்தை மட்டும் ஏன் சகித்திருக்கிறோம்?

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவெறும்பூர்த் தாலூகாவை எடுத்துக்கொள்வோம். பெரிய தொழிற்சாலையின் பெயரால் இவ்வூர் இன்று தேசமெங்கும் அறியப்பட்டிருக்கிறது. ஆயினும் உய்யக்கொண்டான் வாய்க்கால் வாழவந்தான்கோட்டை ஏரியில் போய்ச் சேரும் வரையில் உள்ள கிராமங்களில், ஒரு பசுவையோ நான்கு ஆடுகளையோ நம்பிக் காலங்கழிக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மாடுகள் வாய்க்காலில் இறங்கி நீர் குடிக்கின்றன. எருமைகள் குட்டையில் கிடக்கின்றன. இத்தகைய நீர்நிலைகளே நத்தைகளுக்கும் வாசஸ்தலம். ஈரலைப் பாழ்படுத்தும் தட்டைப்புழுவும், மூக்கின் இரத்தக் குழாய்களில் குடியிருந்து குறட்டை நோயை உண்டாக்கும் புழுவும், அததற்குரிய நத்தையின் உடலில் சிலகாலம் வளர்ந்தாலன்றி மாட்டை அடைய முடியாது. ஆகையால் காவேரிப் பாசன நன்செய்ச் சீமை முழுவதும் இந்நோய்கள் தங்குவதற்கு ஏற்ற இடமேயாகும்.

குறட்டை நோயை ஆராய்ந்ததில் நமது மாகாணத்துக்கு ஒரு கீர்த்தி உண்டு. 1903-ல் ஏற்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த எம். அனந்த நாராயண ராவ் என்பவரே இப்புழுவை விவரித்து 1933-ல் அதற்குச் சாஸ்திரப் பெயரிட்டார். நோய்கண்ட மாட்டின் மூக்குச் சளியில் சிறிது எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தால், வளைந்த வடிவமுள்ள முட்டைகளைக் காணலாம். பெருஞ் செலவு பிடிக்கும் காரியமன்று இது. பசு குறட்டை விட்டுத் தன் நோயைத் தானே சொல்லிவிடுகிறது. எருமையோ அதே புழுவைச் சுமந்துகொண்டும் பெரும்பாலும் வெளிக்குறி காட்டுவதில்லை. அதன் சளியிலுள்ள முட்டைகள் நீரில் விழுந்து, நத்தையிற் புகுந்து, மறுபடி ஊர்மாட்டைப் பற்றுகின்றன. குறட்டை கேட்கும் தொழுவங்களை மட்டும் எண்ணுகிறவன் பாதி நோயைத்தான் எண்ணுகிறான். வியாதிகளைத் தேடிச் சென்று கணக்கெடுக்கவேண்டுமென்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

தேடுவதன் மகிமைக்கு வெக்கை நோயின் சரித்திரத்தைவிடச் சிறந்த சாட்சியம் வேண்டியதில்லை. மாட்டு மந்தைகளை ஊரோடு வாரிக்கொண்டு போன அந்தக் கொள்ளைநோயை ஆராய 1869-லேயே ஒரு கமிஷன் நியமிக்கப்பட்டது. 1932-ல் ராணிப்பேட்டையில் மருந்து நிலையம் ஏற்பட்டது. சுதந்திரம் வந்தபின் 1954-ல் தேசமெங்கும் ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று. கோடிக்கணக்கான ஊசிகள் போடப்பட்டன. நோய் குறைந்ததே தவிர, அற்றுப்போகவில்லை. கடைசிக் கட்டத்தில் செய்ததுதான் கவனிக்கத்தக்கது. ஊசி போட்ட மாட்டின் இரத்தத்துக்கும் நோய்கண்டு பிழைத்த மாட்டின் இரத்தத்துக்கும் பரிசோதனையில் வித்தியாசம் தெரியாது. ஆகவே ஊசியை நிறுத்திவிட்டு, ஊர் ஊராகச் சென்று நோய் எங்கேனும் ஒளிந்திருக்கிறதா என்று தேடினார்கள். 1995-க்குப் பின் இந்தியாவில் அந்நோய் காணப்படவில்லை. 2011-ல் உலகத்திலேயே அது ஒழிந்ததென்று பிரகடனம் செய்யப்பட்டது. மருந்து பாதி வேலையைச் செய்தது. மீதியைச் செய்தவர்கள் தேடியவர்களே.

வெக்கை நோயைத் தேடிய காலத்திலேயே நோய் நிர்ணயத்தின் அவசியத்தைக் காட்டும் வேறொரு சம்பவமும் நிகழ்ந்தது. 1987-ல் விழுப்புரத்தைச் சார்ந்த அரசூர் கிராமத்தில் ஆடுகளிடையே கண்ட நோயைச் சோதித்தபோது, அது வெக்கையன்று, ஆட்டுக்கொல்லி என்னும் வேறு நோய் என்று வெளியாயிற்று. இந்தியாவில் அந்நோய் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது அங்கேதான். இரண்டும் குறிகளால் ஒன்றையொன்று ஒத்தவை. கண்ணால் பார்த்தே பெயரிட்டிருந்தால், இல்லாத நோய் இருப்பதாகவும், இருக்கும் நோய் இல்லாததாகவும் கணக்கு எழுதியிருப்போம்.

இன்றைய நிலைமை என்ன? 2009-ம் வருஷத்துச் சட்டம், அட்டவணையிலுள்ள நோய் கண்டால் மாட்டுக்காரன் அறிவிக்கவேண்டுமென்று கட்டளையிடுகிறது. 2019-ல் மத்திய ஸர்க்கார் கோமாரியையும் கன்றுவீச்சு நோயையும் அடக்குவதற்குப் பெருந்திட்டம் வகுத்து, மாட்டின் காதில் 12 இலக்க அடையாள வில்லையும் மாட்டச் செய்தார்கள். இவற்றை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் அறிவிக்கும் கடமையைக் குடியானவன் தலையில் வைத்தால் போதாது. மேலே போன செய்தி அவனுடைய தொழுவத்துக்கு விடையாகத் திரும்பினாலன்றி, மறுமுறை அவன் வாய் திறக்கமாட்டான். காதில் எண் இருக்கிறது. அந்த எண்ணுக்கு நேரே அம்மாட்டின் நோய் விவரமும் இருக்கவேண்டாமா?

மேலும், திடீரென்று கொல்லும் நோய்க்கு ஊசியும் விளம்பரமும் கிடைக்கின்றன. நாளுக்கு அரைப்படி பாலாகக் குடித்துத் தீர்க்கும் புழுக்களைக் கேட்பாரில்லை. சாணத்தைப் பாராமலே ஊருக்கெல்லாம் ஒரே மருந்தைப் புகட்டுவதால் விளைவது என்ன? உருண்டைப்புழுவைக் கொல்லும் மருந்துகளில் பல தட்டைப்புழுவைத் தொடுவதேயில்லை. திரும்பத்திரும்பப் புகட்டிய மருந்துக்குப் புழுக்களும் பழகி அஞ்சாமற் போகின்றன. காசும் போயிற்று, புழுவும் போகவில்லை.

அடைப்பான் விஷயத்திலோ, அறியாமை மனித உயிரையே பலிகொள்ளும். திடீரென்று செத்த மாட்டை அறுத்தால், அந்நோயின் வித்துக்கள் மண்ணிற் கலந்து பல பத்தாண்டுகள் சாகாமல் கிடக்கும். அறுப்பவன் கையில் சிறு காயமிருந்தாலும் அவனைப் பற்றும். உடலை அறுக்காமலே காதிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதித்து நோயை நிச்சயிக்கலாம். ஆனால் அத்துளியை எடுக்க வைத்தியர் உரிய நேரத்தில் வரவேண்டும். செத்த மாட்டின் தோலையும் இறைச்சியையும் விட்டால் வேறு வரும்படியில்லாத ஏழையிடம், நஷ்ட ஈடு கொடாமல் புதைக்கச் சொல்வது உபதேசமாகுமேயன்றி நியாயமாகாது.

ஆகவே நாம் ஸர்க்காரைக் கேட்பவை இவை. ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் சாணம், சளி, இரத்தம் ஆகியவற்றைப் பரிசோதிக்க நுண்ணோக்கியும் அதை உபயோகிக்கத் தெரிந்த உதவியாளரும் இருக்கவேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் கிராமந்தோறும் சில மாடுகளையேனும் தேர்ந்தெடுத்துச் சோதிக்கவேண்டும். பல ஊர் மாடுகள் கூடிக் கலையும் மணப்பாறைச் சந்தை போன்ற இடங்களில் பரிசோதனை இடையறாது நடக்கவேண்டும். முடிவுகளை நல்ல தமிழில் எழுதிப் பஞ்சாயத்துப் பலகையில் மாதந்தோறும் ஒட்டவேண்டும்.

செலவுக்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். கடன் வாங்கி வாங்கிய பசு செத்தால் அந்தக் கடனை யார் அடைக்கிறார்கள் என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். அந்த நஷ்டம் எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் ஏறுவதில்லை. ஆதலால் அது நஷ்டமில்லையென்று ஆகிவிடாது.

நமது ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. மாட்டுப்பொங்கலன்று சூரியூர்த் திடலில் காளையின் வீரத்தைக் கொண்டாடுகிறோம். அது நமது உரிமை. மற்ற நாட்களில் அந்தக் காளையையும் அதை ஈன்ற பசுவையும் எந்த நோய் வாட்டுகிறதென்று விசாரிப்பது நமது கடமை. கிராமத்துக்குப் போகும் ஒவ்வொரு தொண்டரும், செத்த மாடு எத்தனை என்று கேட்பதோடு நில்லாமல், எதனால் செத்தது, யார் சோதித்தார், விடை வந்ததா என்றும் கேட்டு எழுதி வரட்டும். கேள்வி கேட்கும் ஜனங்களுக்குப் பதில் சொல்லாமல் எந்த ஸர்க்காரும் நெடுநாள் இருக்க முடியாது.