திங்கட்கிழமை ராத்திரி பந்தாட்டம்!
டெலிவிஷனை எதிர்த்த ரசிகர்கள்

டென்னிஸ் பந்தை வீசி கால்பந்து ஆட்டத்தைத் தாமதப்படுத்தினார்கள்!

இது நடந்தது ஜெர்மனியில், பிராங்க்பர்ட் நகரில். 2018-ம் ஆண்டு பிப்ரவரி 19-ந் தேதி. திங்கட்கிழமை.

கிழமையைச் சொல்லக் காரணம் உண்டு. தகராறே அந்தக் கிழமையைப் பற்றியதுதான்.

ஜெர்மனியில் கால்பந்து என்றால் சனிக்கிழமை பிற்பகல். பிள்ளைகளோடு வெளியூர் போய் ஆட்டம் பார்க்கலாம். மறுநாள் ஞாயிறு. நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால், 2017-ல் தொடங்கிய பருவத்தில் இருந்து வருடத்துக்கு 5 ஆட்டங்களைத் திங்கட்கிழமை ராத்திரிக்கு மாற்றினார்கள். வியாழக்கிழமை ஐரோப்பியப் போட்டியில் ஆடும் குழுக்களுக்கு ஓய்வு வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். ரசிகர்கள் அதை நம்பவில்லை. டெலிவிஷனுக்கு விற்க இன்னொரு ராத்திரி கிடைக்கிறது, அதுதான் விஷயம் என்று கருதினார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் வேலைக்குப் போக வேண்டியவன் என்ன செய்வான்?

பிராங்க்பர்ட் ரசிகர்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் மைதானத்து ஓரத்தில் வந்து நின்றார்கள். ஊதல் ஊதினார்கள். இடைவேளைக்குப் பிறகு டென்னிஸ் பந்துகள் வந்து விழுந்தன. அவற்றைப் பொறுக்கி எடுத்த பிறகுதான் மறுபாதி ஆட்டம் தொடங்கியது.

ஒரு வாரம் கழித்து, மறுபடியும் திங்கட்கிழமை. இந்த முறை டார்ட்மண்ட். நிலக்கரிக்கும் இரும்புக்கும் பேர்போன தொழிலாளர் ஊர். அங்குள்ள மைதானம் 81,000 பேருக்கு மேல் கொள்ளும். வழக்கமாக நிரம்பி வழியும். அன்று வந்தவர்கள் சுமார் 54,000 பேர்தான்! பந்து வீசவில்லை, கூச்சல் போடவில்லை. வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

காலி நாற்காலிகளை டெலிவிஷனில் உலகமே பார்த்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே முடிவு வந்தது. 2021-ல் தொடங்கிய பருவத்தில் இருந்து முதல் பிரிவில் திங்கட்கிழமை ஆட்டம் ஒழிந்தது.

ஆடுகிறவர்களையும் டெலிவிஷன் விட்டு வைத்ததில்லை. 1986-ல் மெக்சிகோவில் உலகக் கோப்பை நடந்தது. ஐரோப்பாவில் மாலையில் பார்க்க வேண்டும் என்பதற்காக, இங்கே உச்சி வெயிலில் ஆட வைத்தார்கள். மாரடோனாவே முறையிட்டார். பலன் இல்லை. இறுதி ஆட்டமும் பகல் 12 மணிக்குத்தான்!

"டெலிவிஷன் இல்லாவிட்டால் நமக்கு ஆட்டமே ஏது?" என்று வில்லியனூர்க்காரர் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மாரடோனாவை வில்லியனூருக்குக் காட்டியது டெலிவிஷன். அது கொடுக்கும் பணத்தில்தான் பெரிய குழுக்கள் நடக்கின்றன. இதை மறுப்பதற்கில்லை.

ஆனால், வில்லியனூர்க்காரருக்குத் தேர் இழுக்கத் தெரியும். திருக்காமீசுவரர் கோவில் தேரின் வடத்தைப் பிரெஞ்சுக்கார கவர்னரே வந்து பிடித்தது உண்டு. தேரை வீட்டுத் திண்ணையில் இருந்தும் கும்பிடலாம். தப்பில்லை. ஆனால் திண்ணைக்காரருக்குத் தோதான நேரம் பார்த்து, வடம் பிடிப்பவர் வர முடியாத வேளையில் தேரை விட்டால் அது நகருமா? மைதானத்து ரசிகர்கள் வடம் பிடிக்கிறவர்கள். அவர்கள் போடும் ஆரவாரத்தைத்தான் டெலிவிஷன்காரர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள்!

நம் பக்கத்திலும் இந்தத் தொல்லை உண்டு. 2023-24 பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் இரவு 8 மணிக்குத் தொடங்கின. வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பவர்களுக்கு நல்ல நேரம். பாகூர் கொம்யூனில் இருந்து ஒரு தகப்பனார் தம் மகனைச் சென்னை நேரு ஸ்டேடியத்துக்கு அழைத்துப் போனால் என்ன ஆகும்? ஆட்டம் முடிய 10 மணி. புதுச்சேரிக்கே சுமார் 150 கிலோமீட்டர். பஸ் பிடித்து நடுநிசிக்கு மேல் புதுச்சேரியில் இறங்கினால், பாகூருக்கு முதல் பஸ் வரும்வரை பையன் அப்பா மடியில் தூங்க வேண்டியதுதான். காலையில் பள்ளிக்கூடம் வேறு! அடுத்த பருவத்தில் 7½ மணிக்குக் கொண்டுவந்தார்கள். அரை மணியில் பாகூர்க்காரருக்கு என்ன லாபம்?

சனி, ஞாயிறுகளில் 5 மணிக்கு ஆட்டம் தொடங்கினால் போதும். 7 மணிக்கெல்லாம் ஆட்டம் முடிந்துவிடும். பையன் ராத்திரியே வீட்டில் படுப்பான். டெலிவிஷனில் பார்ப்பவர்கள் அன்றைக்குக் கொஞ்சம் முன்னதாக உட்காரட்டுமே!

கொச்சியில் 8 மணி ஆட்டத்துக்காக மெட்ரோ ரயிலை இரவு 11½ மணி வரை ஓட்டினார்கள். பாராட்ட வேண்டிய ஏற்பாடு. ஆனால், பாகூருக்கு மெட்ரோ ரயில் கிடையாது.