லைட் வேண்டாம், தெர்மோகோல் போதும்!

குறும்படம் எடுக்கக் கிளம்பும் இளைஞர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த எல்.இ.டி. லைட் வாங்கலாம்?" என்பதுதான். அதுவும் பகலில், வெட்டவெளியில் எடுக்கப் போகும் காட்சிக்கு! சிலர் தவணையில் வாங்கவும் தயாராக இருக்கிறார்கள். என் பதில் ஒன்றே: வாங்காதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். ஒரு சிறிய லைட் ஒரு மீட்டர் தூரத்தில் 2,000 லக்ஸ் தருகிறது என்று வைத்துக் கொள்வோம். இரண்டு மீட்டர் தள்ளினால் அது 500 ஆகிவிடும். வெயிலுக்கு முன் இது எம்மாத்திரம்? நடிகரை வெயிலுக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள். எதிரே, பிரேமுக்கு வெளியே ஒரு வெள்ளை தெர்மோகோல் ஷீட்டைப் பிடித்து வெயிலை முகத்துக்குத் திருப்புங்கள். கண்ணுக்குக் கீழே இருந்த கருநிழல் காணாமல் போகும். நண்பகலில் எடுத்தே ஆக வேண்டுமா? தலைக்கு மேலே நான்கு பேர் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் போதும். (காற்றடிக்கும் நாளில் தெர்மோகோலைப் பிடிப்பவர் பாடு திண்டாட்டம்தான். பின்பக்கம் ஒரு மரச்சட்டத்தை ஒட்டி விடுங்கள்.)

செலவு செய்துதான் தீருவேன் என்பவர்கள் என்.டி. பில்டர் வாங்கலாம். இது கேமராவுக்கு மாட்டும் கூலிங் கிளாஸ். பெரும்பாலான செல்போன்களில் லென்சின் துளையைச் சுருக்க முடியாது. எனவே எப்/1.8 லென்ஸ் உள்ள போன், கடும் வெயிலில் ஐ.எஸ்.ஓ. 50ல் கூட ஷட்டரை 1/4000 நொடி வரை கொண்டு போய்விடும். நடப்பவரின் கை கால்கள் வெட்டி வெட்டித் தெரியும். சினிமா போன்ற அசைவுக்குத் தேவை 1/50 நொடி அளவுதான். என்.டி.64 மாட்டினால் ஏறக்குறைய அங்கே வந்து விடலாம்.

"எல்லாவற்றையும் சாப்ட்வேரில் சரி செய்து கொள்ளலாம்" என்பவர்களிடம்தான் எனக்குச் சண்டை. டாவின்சி ரிசால்வ் போன்ற அருமையான சாப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது, உண்மை. ஆனால் வெயிலில் நெற்றி வெளுத்து 255, 255, 255 ஆகிவிட்டால், அந்த இடத்தில் பைலில் தகவலே இல்லை. இல்லாததை எந்த ஸ்லைடரை இழுத்துக் கொண்டு வருவீர்கள்?

கம்ப்யூட்டரை ஷூட்டிங்கிற்கு முன்பே பயன்படுத்துங்கள் என்கிறேன். ஸ்டெல்லேரியம் என்ற இலவச சாப்ட்வேரை இறக்கிக் கொள்ளுங்கள். உங்கள் ஊர், தேதி, நேரம் கொடுத்தால் சூரியன் எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று காட்டும். உங்கள் தெருவில் நான்கு மணிக்கு எந்தப் பக்கம் நிழல் விழும் என்பது ஒரு மாதம் முன்பே தெரிந்துவிடும். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 தேதிகளை ஒட்டி நண்பகல் சூரியன் நேராகத் தலைக்கு மேலே வரும். அந்த நாட்களில் நடுப்பகல் குளோசப்பை யோசிக்கவே வேண்டாம்.

வெளிநாட்டுப் புத்தகங்கள் புகழும் 'மேஜிக் ஹவர்' விஷயத்திலும் கவனம் தேவை. 1978ல் வந்த 'டேஸ் ஆப் ஹெவன்' படத்தின் பல காட்சிகளை நெஸ்டர் அல்மென்ட்ராஸ் சூரியன் மறைந்த பின் வரும் வெளிச்சத்தில் எடுத்தார். ஆஸ்கரும் கிடைத்தது. ஆனால் அது படமானது கனடாவின் அல்பர்ட்டாவில். அங்கே சூரியன் சாய்வாக இறங்குவதால் அந்தி நீளும். நமக்கோ ஏறக்குறைய செங்குத்தாக விழுந்து, சுமார் 22 நிமிடத்தில் இருட்டத் தொடங்கிவிடும். ஆறு ஷாட் திட்டமிட்டுப் போனால் இரண்டுதான் கிடைக்கும்.

சம்பளம் வாங்காமல், ஒரு நாள் லீவு போட்டு நடிக்க வரும் நண்பரை இரண்டாம் முறை கூப்பிட முடியுமா? எனவே, நல்ல வெளிச்சம் இருக்கும்போது முதலில் வைடு ஷாட்டுகளை முடித்து விடுங்கள். ஒரு தெருவையே தெர்மோகோலால் வெளிச்சமாக்க முடியாது. குளோசப்பை வெயில் மாறிய பிறகும், பக்கத்து வீட்டுச் சுவரின் நிழலில் நிறுத்தி எடுத்துக் கொள்ளலாம்.