தாழ்வு மண்டலம்தானே!

மழை லீவு விடுவாங்களான்னு டிவி முன்னால் உட்காரும் நாம், அதில் சொல்லும் வார்த்தையைச் சரியாகக் கேட்பதில்லை என்பது என் கருத்து.

"புயல் இல்லப்பா, வெறும் தாழ்வு மண்டலம்தான்" என்று எங்கள் தெருவில் நிம்மதியாகச் சொல்வார்கள். அந்தப் பெயரெல்லாம் காற்றின் வேகத்துக்கு வைத்தது. மணிக்கு 31 கி.மீ. வந்தால் தாழ்வு மண்டலம், 50 வந்தால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62-ஐத் தொட்டால்தான் புயல். மழைக்கு இதில் கணக்கே கிடையாது! நாமெல்லாம் பிறக்கும் முன்னே, 2008-இல் வந்த நிஷா 'தீவிரப் புயல்'கூட இல்லை. ஆனால் ஒரத்தநாட்டில் 24 மணி நேரத்தில் 65 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. பேரைக் கேட்டதும் டிவியை அணைக்காதீங்க, மழை எவ்வளவு, அலை எவ்வளவு என்றும் கேளுங்க.

சூறாவளி இன்னும் குழப்பம். இலங்கைத் தமிழில் சூறாவளி என்றால் புயலேதான். நம்ம மீனவர் எச்சரிக்கையிலோ "சூறாவளிக் காற்று 45 முதல் 55 கி.மீ." என்பார்கள். அது புயலுக்குக் கீழே. அப்போ கடலுக்குப் போகலாமா? எங்க சித்தப்பா ஒருமுறை போனார். ராத்திரி பூரா சித்தியும் அம்மாவும் கரையிலேயே நின்றார்கள். விடிஞ்சுதான் வந்தார், வலை இல்லாமல். ஃபைபர் படகைக் கவிழ்க்க அந்தக் காற்றே போதுமாம்.

- 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு