பயம் மட்டும் போதுமா, நண்பா?



“இந்தக் காலத்துப் பசங்களுக்கு எதிலும் அக்கறை இல்லை” என்கிறார்கள் பெரியவர்கள். பருவநிலை மாற்றத்தைப் பொறுத்தவரை இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2021இல் இந்தியா உட்பட 10 நாடுகளில், 16 முதல் 25 வயதுக்குட்பட்ட 10,000 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. அதில் 59 சதவீதம் பேர் மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். கவலைப்படாமல் எப்படி இருப்பது? காற்று சூடாகச் சூடாக ஈரத்தை அதிகம் சுமக்கும்; பெய்தால் கொட்டித் தீர்க்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்ததை மறக்க முடியுமா?

சரி, பயம் இருக்கிறது. செயல் எங்கே? பயம் மட்டும் வளர்ந்தால், “நான் ஒருத்தன் செஞ்சு என்னத்த ஆகப்போகுது?” என்ற சலிப்புதான் மிஞ்சும். குற்ற உணர்ச்சியோ ஜூன் 5 அன்று மரக்கன்று நட்டதோடு தீர்ந்துவிடும். ஜூன் 6 அன்று அதற்குத் தண்ணி ஊத்த ஆளிருக்காது!

நம்மைச் செய்ய வைப்பது “இது என் கையால் ஆகும்” என்ற நம்பிக்கைதான். எலக்ட்ரிகல் மாணவனான நான் அதைக் கணக்கிலேயே காட்டுகிறேன். சாதாரண மின்விசிறி ஒன்றுக்குச் சுமார் 75 வாட். 20 வகுப்பறைகளில் தலா 6 மின்விசிறிகள் தினம் ஒரு மணி நேரம் ஆளில்லாமல் சுற்றினால் 9 யூனிட். 200 நாளில் 1,800 யூனிட். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆக, ஒரு டன்னுக்கும் மேல்!

“உலகத்துக்கு இந்த ஒரு டன் ஜுஜுபிப்பா” என்பீர்கள். உண்மைதான். ஆனால் நாளை தொழிற்சாலைகளில் மோட்டாரையும் பாய்லரையும் கம்ப்ரசரையும் ஓட்டப்போவது யார்? டிப்ளமோ படித்த நாம்தானே! இன்று மீட்டரைப் பார்த்துப் பழகிய கண், அங்கே காற்று கசியும் ஒரு பைப்பைக் கண்டாலும் சும்மா இருக்காது.

எனவே என் யோசனை இதுதான். ஒவ்வொரு துறையும் மாதாமாதம் தன் மீட்டர் ரீடிங்கை நோட்டீஸ் போர்டில் எழுதிப் போடட்டும். போன மாதத்தைவிட எண் குறைந்தால் வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அது எந்தப் பயத்தையும்விட நம்மை அதிக தூரம் கூட்டிப்போகும்.

பயப்படுவதில் தப்பில்லை நண்பர்களே! பயந்த கையோடு சுவிட்சையும் அணைப்போம்!