விடைபெறக் கேட்ட பேரரசர்

2015 ஆகஸ்ட் 15. இரண்டாம் உலகப் போரில் மாண்டவர்களுக்கு டோக்கியோவில் ஆண்டுதோறும் நடக்கும் அஞ்சலிக் கூட்டம். நண்பகல் 12 மணிக்கு ஒரு நிமிட மௌனம், அதன் பிறகு பேரரசரின் உரை என்பது வழக்கம். பதவிக்கு வந்ததிலிருந்து ஆண்டு தவறாமல் அந்த மேடையில் நின்றவர் அகிஹிட்டோ. அன்று மட்டும் மௌன அஞ்சலிக்கு முன்பே உரையை வாசிக்கத் தொடங்கிவிட்டார். பார்த்தவர்கள் பெரிதுபடுத்தவில்லை. அவர் மறக்கவில்லை. அந்த டிசம்பரில், 82ஆம் பிறந்த நாளையொட்டிப் பத்திரிகையாளர்களிடம் பேசும்போது, வயதாகிவிட்டதை உணர்கிறேன், நிகழ்ச்சிகளில் தவறும் செய்திருக்கிறேன் என்று சொன்னார். அரியணையில் இருக்கும் ஒருவர் ஊரறிய இப்படிச் சொல்வதற்குப் பெரிய மனத்துணிவு வேண்டும்.

1947இல் நடைமுறைக்கு வந்த ஜப்பானிய அரசமைப்புச் சட்டம் பேரரசருக்கு எந்த ஆட்சி அதிகாரத்தையும் தரவில்லை. அவர் நாட்டின், மக்கள் ஒற்றுமையின் சின்னம், அவ்வளவுதான். சின்னமாக இருப்பவருக்கு என்ன வேலை? அகிஹிட்டோ இந்தக் கேள்விக்குக் காலால் பதில் சொன்னார். 1991இல் ஷிமபாராவுக்கு அருகே எரிமலை வெடித்து மக்கள் முகாம்களில் தங்கியிருந்தபோது, அங்கே போய்த் தரையில் மண்டியிட்டு அவர்களிடம் பேசினார். பேரரசர் குடிமக்களின் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணைத் தாழ்த்துவதா என்று பழமைவாதிகள் முகம் சுளித்தார்கள். அவர் அதை விடவில்லை. 2011இல் ஆழிப்பேரலை வடகிழக்குக் கடற்கரையை அழித்துப்போட்டபோது அவருக்கு 77 வயது. மனைவி மிச்சிகோவுடன் ஏழு வாரங்கள் தொடர்ந்து, வாரம் தவறாமல், பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப் போனார். ஒவ்வொரு முகாமிலும் ஒவ்வொரு குடும்பத்தின் முன்னும் அதே மண்டியிடல்.

அப்போதே உடம்பு தளர்ந்துதான் இருந்தது. 2003இல் புரோஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை. 2012 பிப்ரவரி 18இல் இதயத்தில் பைபாஸ். அடுத்த மாதம் 11ஆம் தேதி, பேரலையின் முதலாண்டு நினைவு நாள். மார்பைத் திறந்து தைத்து நான்கு வாரம்கூட ஆகாத நிலையில் அந்தக் கூட்டத்துக்குப் போய் நின்றார். 2013 டிசம்பரில் சென்னைக்கு வந்து கலாக்ஷேத்ராவில் அமர்ந்து நிகழ்ச்சி பார்த்தவரும் இதே மனிதர்தான். இவையெல்லாம் போக, அரண்மனைக்குள் யார் கண்ணிலும் படாத சடங்குகள் உண்டு. நவம்பர் 23இல் புதுநெல் படைக்கும் வழிபாட்டில், மாலையில் இரண்டு மணி நேரம், நள்ளிரவையொட்டி மறுபடி இரண்டு மணி நேரம், குளிரில் முழங்கால் மடக்கி உட்கார வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் அவரை அச்சுறுத்தியது தன் சாவு அல்ல, தந்தையின் சாவு என்றே நான் நினைக்கிறேன். 62 ஆண்டுகள் அரியணையில் இருந்த ஹிரோஹிட்டோ 1988 செப்டம்பரில் ரத்த வாந்தி எடுத்துப் படுத்தார். அதற்குப் பிறகு நான்கு மாதங்கள், அவருடைய காய்ச்சல், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஏற்றப்பட்ட ரத்தத்தின் அளவு எல்லாம் நாள்தோறும் செய்தியாயின. உடலில் ஏற்றிய ரத்தம் 30 லிட்டரைத் தாண்டியது. கோயில் திருவிழாக்களை நிறுத்தினார்கள். கல்யாணங்களைத் தள்ளிப்போட்டார்கள். ஒரு கார் விளம்பரத்தில் பாடகர் ஒருவர் ஜன்னல் வழியே எல்லாரும் நலமா என்று கேட்பார்; அந்தக் குரலை மட்டும் வெட்டிவிட்டு வாயசைப்பை ஒளிபரப்பினார்கள். புற்றுநோய் என்பதை நோயாளியிடமே சொல்லவில்லை. 1989 ஜனவரி 7இல் உயிர் பிரிந்தது. மகன் இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவர்.

2016 ஆகஸ்ட் 8 அன்று தொலைக்காட்சியில் அவர் பேசிய பத்து நிமிடங்களை இந்தப் பின்னணியில்தான் கேட்க வேண்டும். அரசியலில் தலையிடக் கூடாது என்பதால் பதவி விலகல் என்ற சொல்லையே அவர் எடுக்கவில்லை. உடல் தளர்ந்துவருகிறது, இதுவரை செய்ததுபோல முழு மனதோடு கடமையைச் செய்வது கடினமாகலாம் என்றார். தனக்குப் பதிலாக வேறொருவர் பணிகளைக் கவனித்தாலும், கடமையைச் செய்ய முடியாதவர் கடைசிவரை பேரரசராகவே நீடிக்கும் நிலை மாறாது என்றார். பேரரசர் நோயில் விழும்போது நாடே நின்றுபோவதையும், இறுதிச் சடங்குகள் ஓராண்டு நீள்வதையும், அந்தச் சுமை குடும்பத்தை அழுத்துவதையும் சொன்னார். மக்களுக்குப் புரிந்துவிட்டது. கருத்துக் கணிப்புகளில் 80 சதவீதத்துக்கும் மேலானோர் அவரைப் போகவிடச் சொன்னார்கள். எதிர்த்தது சில அறிஞர்கள்தான். பேரரசர் எங்கும் போக வேண்டாம், உள்ளே இருந்து பிரார்த்தனை செய்தால் போதும் என்றார்கள். வாழ்நாள் முழுக்க மண்டியிட்டு அவர் செய்ததெல்லாம் தேவையில்லாத வேலை என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதற்குச் சமம் அது.

இறக்க இரண்டு நாள் இருக்கும்போது, 96 வயதில், கைத்தடியை ஊன்றி நின்று புதிய பிரதமரை நியமித்த எலிசபெத் ராணியை உலகமே வியந்தது. நானும் வணங்குகிறேன். ஆனால் கடைசி மூச்சுவரை உழைத்தார் என்பதையே மிக உயர்ந்த புகழாக நாம் வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் புகழுக்கு ஆசைப்படாமல், என்னால் இனி இந்த வேலைக்கு நியாயம் செய்ய முடியாது என்று சொன்னவர் வேலையை இன்னும் அதிகமாக மதித்தவர்.

அகிஹிட்டோ 2019 ஏப்ரல் 30இல் விலகினார். 1817க்குப் பிறகு ஜப்பானில் உயிரோடு பதவி துறந்த முதல் பேரரசர். மறுநாள் மகன் நருஹிட்டோ பொறுப்பேற்றார். துக்கம் இல்லாமல், கொண்டாட்டமாகவே புதிய சகாப்தம் பிறந்தது. ஆனால் அவர் விலக வழிசெய்து 2017இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அகிஹிட்டோ ஒருவருக்கு மட்டுமானது. அரச குடும்பச் சட்டம் இன்றும் பேரரசரின் சாவுக்குப் பிறகே அடுத்தவரை ஏற்கிறது. 1960இல் பிறந்த நருஹிட்டோவுக்கும் முதுமை வரும். தந்தையைப் போல அவரும் பூடகமாகப் பேசி, கேமரா முன் உட்கார்ந்து கேட்க வேண்டிய நிலை வரக் கூடாது. விலகும் உரிமையை அதற்குள் அரச குடும்பச் சட்டத்திலேயே ஜப்பான் எழுதிவிட வேண்டும்.