மதுரைக் காஞ்சியை வெட்டும் ஷெல்

மாங்குடி மருதனார் 782 அடிகளில் மதுரையைப் பாடினார். அப்பாடலின் வேண்டாத நகலொன்று ‘மதுரைக் காஞ்சி’ என்ற பெயரில் கணினியில் இருக்கிறது என்று வையுங்கள். அப்பெயரை ஒரு மாறியில் இட்டு, பாஷ் ஷெல்லில் அழிக்கச் சொன்னால், அது ‘மதுரைக்’, ‘காஞ்சி’ என்று இரு கோப்புகளைத் தேடும். அருகே ‘காஞ்சி’ என வேறு கோப்பு இருந்தால் அது தொலைந்தது.

மாறியை விரித்தபின் இடைவெளிதோறும் வெட்டும் இவ்வழக்கம் 1979இல் வெளிவந்த பார்ன் ஷெல்லின் சொத்து. மேற்கோள்குறி இடாதது பயனர் பிழை என்பர் வல்லுநர். எப்படி ஒப்புவது? டாம் டஃப் வடித்த ஆர்சி ஷெல் மாறியின் மதிப்பை மீண்டும் வெட்டுவதில்லையே! ஒற்று மிகுந்து ஒட்டிய பெயரைப் பிளக்கும் இலக்கணத்தைத்தான் திருத்தவேண்டும், எழுதுபவனை அல்ல.