கூதிர்ப்பாசறை

நெடுநல்வாடையை முதுகலை மாணவர்களுக்குப் பதினைந்து ஆண்டுகளாகப் பாடம் சொல்லி வருகிறோம். ஆயினும் வாடை என்றால் என்னவென்று உடம்பு அறிந்தது 2024 சனவரியில்தான். நீண்ட விடுப்பு ஒன்றைப் போராடிப் பெற்று, கனடாவில் டொரண்டோவை அடுத்த பிராம்ப்டனில் இருக்கும் தம்பி வீட்டில் மூன்று வாரம் தங்கினோம். வாசற்கதவைத் திறந்தால் மூக்கினுள் ஈரம் உறைவது தெரியும். மார்கழிக்குக் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்வதோடு குளிர்காப்பு முடிந்துவிடும் மதுரைக்காரரான நாம், பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே கிடந்தோம். அதிலும் மிகுதியும் இருந்தது அவனுடைய கார்க் கொட்டகையில்.

கார்க் கொட்டகை என்றதும் நம்மூர்த் தகரக் கூரையை நினைக்க வேண்டா. அங்கே அது வீட்டோடு ஒட்டிய அறை. நாம் 'கார் ஷெட்' என்போம். தம்பியின் அண்டை வீட்டு யாழ்ப்பாணத்துக்காரர் 'கராஜ்' என்கிறார். அவர் சொல்லே அங்கே வழங்குவதால் நாமும் அதையே கொள்கிறோம். கராஜில் கார் நிற்பது அபூர்வம் என்பது அத்தெருவில் நாம் கண்டறிந்த முதல் உண்மை. பனிவாரும் மண்வெட்டி, சைக்கிள், மீன் பொரிப்பதற்கென்று தனியாக ஓர் அடுப்பு, நவராத்திரிக் கொலுப்படி, ஊரிலிருந்து வந்து பிரிக்கப்படாத பெட்டிகள் என்று குடும்பத்தின் மறதி முழுவதும் அங்கேதான் அடுக்கப்பட்டிருக்கிறது. கார்கள் வெளியே பனியில் நிற்கின்றன.

தம்பியின் பெட்டிகளில் இருந்தவை சிற்றிதழ்கள். கசடதபற, பிரக்ஞை முதலியவற்றின் பழைய இதழ்களை மாணவப் பருவத்தில் நாமிருவரும் பழைய புத்தகக் கடைகளில் அலைந்து சேர்த்தோம். பங்கு பிரித்தபோது பெரும்பகுதியை அவனே எடுத்துக்கொண்டு கடல் தாண்டிவிட்டான் (இன்றும் நமக்கு அதில் சிறு வருத்தம் உண்டு). கணினித் துறையில் வேலை. ஆனால் தமிழ் நாவல் ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்த்துவிட வேண்டும் என்பது அவனது நெடுநாள் ஆசை. அதற்கு ஓர் அறை வேண்டும், இதழ்களைப் பிரித்து அடுக்க ஓர் இடம் வேண்டும். வீட்டில் மிச்சமிருந்தது கராஜ்தான்.

2019ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் முதல் முயற்சி. கையில் தூக்கிப் போகக்கூடிய எரிவாயு ஹீட்டர் ஒன்றை வாங்கி, பெரிய கதவைச் சாணளவு தூக்கி வைத்துவிட்டு, மாலையில் இரண்டு மணி நேரம் எரித்து, அணைத்துவிட்டுத் தூங்கப் போவான். மார்ச்சில் அடிப்பெட்டியைத் திறந்தபோது தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன, மேலே பூஞ்சணம். கூரை ஒழுகவில்லை. பிறகு எங்கிருந்து வந்தது தண்ணீர்?

ஹீட்டரிலிருந்துதான். புரொப்பேன் எரிந்தால் சூடு மட்டும் வருவதில்லை. ஒரு கிலோ எரிந்தால் 1.6 கிலோ நீராவியும் பிறக்கிறது. புகைபோக்கி இல்லாத ஹீட்டரில் அது அறைக்குள்ளேயே தங்கும். வெளிச்சுவரும் சிமெண்டுத் தரையும் உறைநிலையில் இருக்க, காற்று மட்டும் சூடேறினால் அந்த ஆவி போய் அமரும் இடம் தரையோடு கிடக்கும் பெட்டிதான். முழுக் குளிரில் அப்படியே விட்டிருந்தால்கூட அந்தத் தாள்கள் பிழைத்திருக்கும். அரைகுறையாகச் சூடாக்கியதே அவற்றைக் கொன்றது. காகிதம் போகட்டும், இத்தகைய ஹீட்டர் அடைத்த அறையில் ஆளையே கொல்லும் கார்பன் மோனாக்சைடையும் தரவல்லது. கராஜ் ஒட்டிய வீடுகளில் அந்த வாயுவுக்கான எச்சரிக்கை மணி இருந்தாக வேண்டும் என்று ஒண்டாரியோ மாநிலம் 2013இல் சட்டமே இயற்றியிருக்கிறது. தம்பி வீட்டிலும் மணி இருந்தது. நல்லவேளை, அது ஒலிக்கும் அளவுக்குப் போகவில்லை.

எனவே 2021 கோடையில் முறையாகச் செய்தான். செய்த விதத்தை அவன் வாயாலேயே கேட்டபோது, பழைய கொத்தனார்கள் சொல்லும் வரிசையைக் கேட்பதுபோல் இருந்தது: முதலில் காற்று நுழையும் கசிவை அடை, பிறகு போர்த்து, அதன் பிறகு சூடாக்கு. பெரிய கதவின் ஓரங்களில் ரப்பர் பட்டை. கதவுக்கே நுரைத்தகடு உள்ள பலகைகள். கராஜை வீட்டிலிருந்து பிரிக்கும் சுவரில் மட்டுமே வெப்பக்காப்பு வைத்துக் கட்டியிருந்தார்கள். வெளிச்சுவர்கள் வெறும் சட்டம். அச்சட்டங்களுக்கிடையே கண்ணாடி இழைப் பஞ்சு, பஞ்சின் உட்புறம் ஆவி புகாத பிளாஸ்டிக் தாள், அதன்மேல் டிரைவால் பலகை. உருகிய பனிநீர் வடிவதற்காகத் தரை வாசலை நோக்கிச் சரிந்திருக்கும். அதை மட்டப்படுத்தி, கெட்டி நுரைத்தகடு பரப்பி, அதன்மேல் பலகைத் தளம். கடைசியில்தான் சூடு. வீட்டு ஃபர்னஸின் காற்றுக்குழாயிலிருந்து ஒரு கிளையை இழுத்துவிட்டால் மலிவாக முடியுமே என்று நாம் கேட்டோம். அது விதிப்படி கூடாதாம். காரின் புகை குழாய் வழியே படுக்கையறைக்குப் போய்விடும். ஆகவே நம்மூர் ஏ.சி. போன்ற தோற்றத்தில், வெளிக்குளிரிலிருந்தே வெப்பத்தை உறிஞ்சி உள்ளே தள்ளும் ஹீட் பம்ப் ஒன்றைச் சுவரில் மாட்டினான். வெளியே சுழியத்துக்குக் கீழே 15 பாகை இருந்த இரவிலும் உள்ளே நாம் வேட்டியோடு உட்கார்ந்து படித்தோம். எஞ்சிய இதழ்கள் சுவரை விட்டு விரற்கடை தள்ளி நிற்கும் அலமாரியில், தரையிலிருந்து முழ உயரத்தில் இருந்தன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் ஆறு தொகுதிகளும் அருகே.

இவ்வளவும் நமக்கு மிகவும் உவப்பாக இருந்தது. உவப்பு குறையத் தொடங்கியது மேசைக்குக் கீழே ஒரு நீலக் கம்பியைக் கண்டபோது. வெப்பக்காப்புச் சுவர்களைக் கடந்து வந்த கம்பியில்லா இணையம் நைந்து போயிற்றாம். அதனால் வீட்டிலிருந்து சுவரைத் துளைத்து இணையக் கம்பியையே இழுத்துவிட்டான். அந்தக் கம்பி வழியாக மொழிபெயர்ப்புக்கு முன்னால் வந்து சேர்ந்தது அலுவலகம்.

வாரத்தில் இரண்டு நாள் நகரத்துக்குப் போகிறான். மற்ற நாட்களில் காலை எட்டரைக்குக் கராஜுக்குள் போகிறவன் இரவு ஒன்பதுக்கும் வெளியே வருவதில்லை. வேறு வேறு கண்டங்களில் ஆட்கள். யாராவது ஒருவருக்கு எப்போதும் பகலாக இருக்கிறது. வீட்டையும் கராஜையும் இணைக்கும் கதவில் ஒரு சிறு கண்ணாடி உண்டு. ஒன்பது வயது மகன் அதன் வழியே எட்டிப் பார்ப்பான். கணினியின் காமிரா விளக்கு பச்சையாக எரிந்தால் ஓசையின்றித் திரும்பிவிடுவான். அந்த வயதுக் குழந்தைக்கு அவ்வளவு நாகரிகம் ஆகாது என்று நமக்குத் தோன்றியது. நாவல் ஏழாம் அத்தியாயத்தில் நிற்கிறது. 2022இலும் அங்கேதான் நின்றது.

நெடுநல்வாடை நினைவுக்கு வராமல் எப்படி இருக்கும்? 188 அடிகளில் அந்தப் பாட்டு இரண்டு இடங்களை வைக்கிறது. ஒன்று, குளிருக்குச் சாளரம் அடைத்து, கணப்புச் சட்டியில் தீ வளர்த்து, விசிறியைத் தேவையின்றித் தொங்கவிட்டிருக்கும் நகரும் அரண்மனையும். மற்றொன்று, வாடையில் விளக்குச் சுடர் சாயும் பாசறை. வெதுவெதுப்பான கட்டிலில் அரசி துயிலாமல் இருக்கிறாள். குளிர்ந்த பாசறையில் அரசன் நள்ளிரவிலும் துயிலாமல் புண்பட்ட வீரரைப் பார்த்து வருகிறான். கூதிர்ப்பாசறை என்பது வாகைத் திணையில் ஒரு துறை. அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே காடும் நாடும் கிடந்தன என்பதே பழைய அகத்துக்கும் புறத்துக்கும் இருந்த வசதி. வினைமுடித்தவன் தேரேறித் திரும்புவான். வந்து சேர்ந்தால் வந்ததுதான். தம்பி வீட்டிலோ அரண்மனைக்கும் பாசறைக்கும் நடுவே டிரைவால் பலகை ஒன்றுதான் இருக்கிறது. கணப்பு பாசறைப் பக்கம். அவன் மனைவி ஒருநாள் சொன்னது: "ஆபீஸுக்குப் போன காலத்துல ஆறரைக்கு வீட்டுக்கு வந்துடுவார், மாமா."

இதில் காசுக் கணக்கும் ஒன்று உண்டு; இலக்கியக் கட்டுரையில் வரலாமா என்று தயங்க வேண்டியதில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களுக்குக் கனடிய அரசு எளிய முறை ஒன்றைத் தந்தது: நாளொன்றுக்கு 2 டாலர் வீதம் வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். 2020க்கு உச்சவரம்பு 400 டாலர், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 500. 2023 முதல் அந்த எளிய முறையும் போயிற்று. நிறுவனம் தன் கட்டடத்தைச் சூடாக்கும் செலவை மிச்சம் பிடிக்கிறது. பஞ்சும் பலகையும் ஹீட் பம்பும் தம்பியின் கைக்காசு. பாசறை அமைக்கும் செலவை வீரனிடம் வாங்கிய வேந்தனை நாம் புறப்பாடல் எதிலும் கண்டதில்லை.

கராஜ் என்றாலே சிலர் கண் விரிகிறார்கள். 1994இல் அமெரிக்காவின் பெல்வ்யூ நகரில், வாடகை வீட்டுக் கராஜில்தான் அமேசான் தொடங்கியது. நடுவே ஓர் இரும்பு அடுப்பும், கதவுப் பலகையில் செய்த மேசைகளும் இருந்தன என்பார்கள். தம்பியும் அந்தக் கதையை ஒருமுறை சொன்னான். நாம் அதற்கு வேறொரு கராஜைச் சொன்னோம். வேல்ஸ் நாட்டின் லார்ன் என்ற கடற்கரை ஊரில், கழிமுகத்தைப் பார்த்த பாறை விளிம்பில், காருக்காகக் கட்டப்பட்ட ஒரு மரக் கொட்டகை உண்டு. கவிஞர் டிலன் தாமஸ் 1949 முதல் 1953இல் இறக்கும்வரை அதிலிருந்து எழுதினார். அங்கேயும் நிலக்கரி அடுப்பு ஒன்று இருந்தது. அடுப்பு இரண்டு கராஜுக்கும் பொது. ஒன்றில் உலகம் முழுவதும் கம்பி வழியே உள்ளே வந்தது. மற்றதில் சாளரம் வழியே கடல் வந்தது, அவ்வளவுதான். (அவர் அங்கே சரியாக எழுதாத நாட்களும் ஏராளம் என்பதை நேர்மையோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். கம்பியில்லாத கொட்டகை தானாகக் கவிதை எழுதுவதில்லை.)

"கம்பியை வெட்டிவிடு" என்றோம். அண்ணன்மார் இப்படிச் சொல்வது எளிது.

"வெட்டிட்டா இந்தச் சூட்டுக்கு யார் கட்டுறது, அண்ணே? அம்மாவை வாரா வாரம் எந்த அறையிலிருந்து பாக்குறேன்? லெக்சிகனை ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய்ப் புரட்டவா, சிகாகோப் பல்கலைக்கழகம் அதை இணையத்துல போட்டிருக்கும்போது? நீங்க கேட்ட இதழ்களை ஸ்கேன் பண்ணி எங்கேருந்து அனுப்பினேன்?"

கடைசிக் கேள்வி நம்மை வாயடைக்கவே கேட்கப்பட்டது. சென்ற ஆண்டு நாம் ஒரு கருத்தரங்கில் படித்த கட்டுரையின் பாதி ஆதாரம் அந்தக் கராஜிலிருந்து, அந்த நீலக் கம்பி வழியாக வந்தது. ஊரில் அம்மாவும் அந்த அறையை அறிவார். தம்பியின் முகத்தைவிடப் பின்னாலிருக்கும் அலமாரியைத்தான் அதிகம் பார்ப்பார், "புஸ்தகத்துக்கு ஈரம் வராமப் பாத்துக்க" என்பார்.

ஆகவே வெட்டச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். பெர்னார்ட் ஷா தம் தோட்டத்தில் ஒரு சிறு எழுத்துக்குடில் வைத்திருந்தார். வெயிலைப் பின்தொடர்ந்து சுழற்றிக்கொள்ளக்கூடியது. அதில் மின் ஹீட்டரும் இருந்தது, தொலைபேசியும் இருந்தது. ஆனால் அந்தத் தொலைபேசி வீட்டோடு பேசுவதற்கு. குடிலுக்கு 'லண்டன்' என்று பெயர் வைத்து, தேடி வருவோரிடம் லண்டன் போயிருக்கிறார் என்று சொல்ல வைத்தார் என்பது பிரசித்தமான கதை. கம்பியின் மறுமுனையில் யார் இருக்கலாம், எத்தனை மணிவரை இருக்கலாம் என்பதை அவரே முடிவு செய்தார். கராஜைப் புதுக்குகிற நண்பர்களிடம் நாம் கேட்பதும் அதுதான். சூட்டுக்குச் செய்வதில் கஞ்சத்தனம் வேண்டா. அரைகுறை வேண்டவே வேண்டா. பஞ்சுக்கும் பலகைக்கும் வரிசை பார்ப்பதுபோல் இணையத்துக்கும் பாருங்கள். ஹீட் பம்புக்கு வெப்பநிலையைக் குறித்து வைக்க ஒரு பொறி இருக்கிறது. குறித்த அளவு வந்ததும் அது தானே ஓய்ந்துவிடுகிறது. இணையக் கம்பிக்கு அப்படி ஒன்று இல்லை. கதவருகே, கைக்கெட்டும் உயரத்தில், ஒரு ஸ்விட்சாவது வேண்டும். ஒன்பது வயதுப் பையனின் கைக்கும் எட்டும் உயரமாக இருந்தால் நல்லது.

ஊர் திரும்பியபின் இதையே நீண்ட மின்னஞ்சலாக எழுதினோம். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. ஸ்விட்ச் வைத்தாயிற்று, மாலை ஏழுக்கு மகனே வந்து அணைக்கிறான், எட்டாம் அத்தியாயம் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தான். மகிழ்ந்து மனைவியிடம் படித்துக் காட்டினோம். அவர்தான் மின்னஞ்சல் புறப்பட்ட நேரத்தைக் கணக்குப் போட்டார். இங்கே காலை பத்து. அங்கே இரவு பதினொன்றரை.